கடலூர், புதுச்சேரியில் செர்ரிப் பூ மாதிரி ஒரு மரம்: வாங்கும் முன் படிக்க

வாசலில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் ஒரு மரம் வேண்டும், அதுவும் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லாத மரமாக இருக்க வேண்டும். இந்த ஆசையோடு நர்சரி நர்சரியாக அலைந்தவன் நான். கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பதில். ஒருவர் "செர்ரிதானே, இருக்கு" என்று உடனே எடுத்துக் கொடுத்தார், இன்னொருவர் சிரித்தார். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் செர்ரியை விட்டுவிடுங்கள்

ஜப்பானில் சகுரா என்று அழைக்கும் பூச்செர்ரி குளிரில் உறங்கி எழும் மரம். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் அதன் மொட்டு விழிக்கும். நம் கரையோரத்தில் ஜனவரி அதிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. வேரைச் சுற்றி ஐஸ் கட்டி கொட்டினால் பூக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிரை உணர்வது மொட்டு, வேர் இல்லை. ஐஸுக்குக் கொடுக்கும் காசு வீண்.

"சூடு தாங்கும் ரகம்" என்று சொல்லி விற்பதும் உண்டு. குறைந்த குளிரில் பூக்கும் செர்ரி இருப்பது உண்மைதான். ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூக்கும் கான்ஹிசகுரா அப்படிப்பட்டது. ஆனால் அந்த ஒகினாவாவிலேயே ஜனவரி இரவு 15 டிகிரி வரை இறங்கும். நமக்கு அதுவும் கிடையாது.

இணையத்தில் ஏமாற்று இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று விதைப் பொட்டலம். படத்தில் அடுக்கு அடுக்காக ரோஜா நிறப் பூ, விலை 100 ரூபாய்க்குள். அந்த அடுக்குப் பூ பெரும்பாலும் கான்சான் என்ற ரகம், அது காய்ப்பதே அரிது. ஜப்பானில் எங்கும் பார்க்கிற சோமெய் யோஷினோவோ ஒரே மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியது, விதை போட்டால் அதே மரம் வராது. ஆக, "சகுரா விதை" என்று வருவது எதன் விதையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, ஜனவரி, பிப்ரவரியில் வடக்கிலிருந்து கூரியரில் வரும் இலையில்லாத குச்சி. இது கொஞ்சம் நுணுக்கமான பொறி, ஏனென்றால் குச்சி நிஜமாகவே செர்ரியாக இருக்கலாம். அங்கே குளிரில் கிடந்துவிட்டு வருவதால் இங்கே வந்ததும் துளிர்க்கும், ஒன்றிரண்டு பூகூட வரும். நாமும் மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவோம். அடுத்த வருடம் குளிர் கிடைக்காததால் துளிர் தாமதமாகும், நுனியிலிருந்து காயும், அப்புறம் மரம் போய்விடும். விமர்சனங்களைப் படிக்கும்போது "வாங்கி இரண்டு வருடம் கழித்து" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

நர்சரியில் வெறுமனே "செர்ரி மரம்" என்று கேட்டால் சிங்கப்பூர் செர்ரியையோ பார்படோஸ் செர்ரியையோ கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இங்கே அந்தப் பெயரில் விற்பது அவைதான். இரண்டும் பழத்துக்காக வைப்பவை. சிங்கப்பூர் செர்ரி வேகமாக நிழல் தரும், ராத்திரி வௌவாலையும் கூட்டி வரும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் பூ அதில் கிடையாது.

புதுச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கும். அங்கே தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் உங்கள் அக்காவோ சித்தப்பாவோ கேட்டால் தாராளமாகச் செர்ரி சொல்லுங்கள். எல்லோரும் வைக்கும் கான்சான் வேண்டாம் என்றால், உகோன் நல்ல தேர்வு: பூ இளம் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, வாடும்போது நடுவில் சிவப்பேறும். இடம் குறுகல் என்றால் அமனோகவா, கம்பம் போல நேராக வளரும். குளிர்காலத்திலேயே விட்டு விட்டுப் பூக்க வேண்டும் என்றால் ஜூகட்சுசகுரா. எதுவானாலும் கோடையில்தான் கிளை வெட்ட வேண்டும், குளிர்காலத்தில் வெட்டினால் காயம் வழியே நோய் ஏறும். வேர் மேலாக ஓடுவதால் நடைபாதைக் கல்லைத் தூக்கிவிடும், தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

2. பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்

அந்தச் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது ஒரு கன்றைச் சுருட்டிக் கொண்டுவரலாமே என்று தோன்றும். சட்டப்படி முடியாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடுவதற்கான செடி இந்தியாவுக்குள் வர முதலில் இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். பிறகு அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ ஆய்வு நடக்கும். செடியைப் பொறுத்து, அனுமதி பெற்ற இடத்தில் தனியாக வளர்த்துக் கண்காணிப்பதும் உண்டு. வேரில் மண் ஒட்டியிருக்கவே கூடாது. வணிகமாகச் செய்கிற நர்சரிக்காரருக்குச் சரி, வீட்டுக்கு ஒரு மரம் வேண்டுமென்பவர் இதில் இறங்க வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் செடியை அழித்துவிடுவார்கள். பிடிபடாமல் வந்தாலும் முதல் படியில் சொன்ன குளிர் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

3. மரத்தைப் பார்க்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்

இந்த இரண்டு ஊரிலும் நாலு கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடும். லாஸ்பேட்டை, கோரிமேடு, ஆரோவில் பக்கமும் கடலூர் கேப்பர் மலைப் பக்கமும் செம்மண், தண்ணீர் நிற்காது. பாகூரிலும் தென்பெண்ணை, கெடிலம் கரையோரங்களிலும் வண்டலும் களிமண்ணும், மழையில் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் மணல், உப்புக் காற்று, பல வீடுகளில் போர்வெல்லும் உப்பு.

மண் பரிசோதனைக்குப் புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கடலூரில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. மரத்துக்கு என்பதால் மேல் மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியாக அரை கிலோ எடுத்து நிழலில் உலர்த்தி, பையில் பெயர், முகவரி, ஆழம், என்ன நடப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். கட்டணம் சிறியது. முடிவு வரக் கொஞ்சம் நாள் எடுக்கும் என்பதால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பிறகு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சுவரிலிருந்து, செப்டிக் டேங்கிலிருந்து, மின்கம்பியிலிருந்து எவ்வளவு தூரம்? 20-க்கு 60 மனையில் வீடு போக மிஞ்சுவது முன்பக்கம் ஒரு துண்டுதான். அதில் 40 அடி உயரும் மரத்தை வைத்தால் ஐந்தாம் வருடம் மின்துறை ஆள் வந்து நடுமண்டையை வெட்டிவிட்டுப் போவார். காம்பவுண்டுக்கு வெளியே நடுவதாக இருந்தால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம், குறைந்தது வாட்ஸப்பில் ஒரு "சரி".

4. எந்த மரம்?

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். செர்ரியில் உங்களுக்கு எது பிடித்தது என்று யோசித்துவிட்டுப் படியுங்கள்: இலையற்ற கிளையில் பூவா, தொங்கும் கிளையா, வெள்ளை நிறமா, மரம் சின்னதாக இருப்பதா?

இலையற்ற கிளையில் இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் பெரும்பாலோர் டபீபுயா ரோசியாவைச் சொல்வார்கள். பெங்களூரு படங்களில் "நம்ம ஊர் செர்ரி" என்று வருவது அதுதான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும். அழகு, சந்தேகமில்லை. ஆனால் நன்றாக வளர்ந்தால் 50 அடியைத் தாண்டும். பெரிய தோப்பு, பள்ளிக்கூட மைதானம், அகலமான சாலை இதற்கு ஏற்ற இடம். சிறிய மனைக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் முதல் தேர்வு காசியா பேக்கரியானா. தாய்லாந்து, மியான்மர் பக்கத்து மரம், நம் சரக்கொன்றைக்கு நெருங்கிய சொந்தம். மார்ச், ஏப்ரலில் பழைய இலை கொட்டியதும் கிளை நெடுக இளஞ்சிவப்புக் கொத்துகள் வந்து, நாளாக நாளாக வெளுத்து வெள்ளையாகும். ஒரே கிளையில் இரண்டு மூன்று நிறம் தெரியும். 20 முதல் 30 அடியில் நின்றுவிடும். தண்ணீர் வடியும் செம்மண் இருந்தால் இதை விட்டு வேறெதையும் தேட வேண்டாம், களிமண்ணுக்கு மட்டும் ஆகாது. காசியா ஜாவானிகாவும் இதே குடும்பம்தான், இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் இலையோடு சேர்ந்து பூக்கும், மரமும் பெரிதாகும். நர்சரியில் இரண்டையும் "பிங்க் கொன்றை" என்று ஒரே பெயரில் விற்பதால் கவனம்.

தொங்கும் கிளைச் செர்ரியைப் பார்த்து மயங்கியவர்களுக்குச் செங்கொன்றை. தாவரவியல் பெயர் காசியா ராக்ஸ்பர்கி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம் என்பதால் வறட்சி இதற்குப் பழக்கம். நீண்ட கிளைகள் வளைந்து தொங்க, அவற்றின் மேல் பக்கம் வரிசையாகச் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பூ வரும். மற்ற மரங்கள் பூத்து ஓய்ந்த பிறகு, கோடை முடிவில் தொடங்கி ஆடி, ஆவணி வரை இருக்கும். நம் ஊர் மரமாக இருந்தும் நம் வீடுகளில் பார்க்க முடியாத மரம், "தெருவில் யாரிடமும் இல்லாதது" என்று கேட்கிறவருக்கு இதைத்தான் காட்டுவேன்.

வெள்ளைச் செர்ரி மாதிரி வேண்டும், மண்ணோ களிமண் என்றால் மாவிலங்கம். ஆற்றங்கரை மரம், ஈரம் தாங்கும். கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்து வெள்ளையாகப் பூத்து, இரண்டொரு நாளில் பூ மஞ்சளேறும். மேலே சொன்ன உகோன் விசிறிகளுக்கு இந்த நிற மாற்றம் பிடிக்கும். களிமண்ணில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு போதுமென்றால் பூமருது இருக்கிறது.

சின்ன இடத்துக்கு மந்தாரை. அதிலும் பௌஹினியா வேரியகாட்டா என்ற வகையைக் கேளுங்கள், அதுதான் பனிக்காலம் முடியும்போது இலை குறைந்த கிளையில் பூக்கும். காய் வெடித்துத் தரையெல்லாம் குப்பையாவது பிடிக்காதவர்களுக்கு பிளேகியானா என்ற ஒட்டு வகை: காய்ப்பதே இல்லை.

இனி, காசே செலவில்லாத ஒன்று. கிளைரிசிடியா. ஆமாம், வயலுக்குத் தழையுரமாக வெட்டிப் போடுகிறோமே, வேலியில் நிற்கிறதே, அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை இலையில்லாத கிளையில் வெளிர் ரோஜா நிறத்தில் அப்பிக்கொண்டு பூக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால் ஜப்பான் என்றே சொல்வார்கள். நாம் அதை அப்படிப் பார்க்காததற்குக் காரணம், தழைக்காக ஓயாமல் வெட்டுவதுதான். முற்றிய கிளையில்தான் பூ வரும், ஒரு வருடம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கை: விதையிலும் பட்டையிலும் நஞ்சு உண்டு, எலி மருந்தாகவே பயன்படுத்துவார்கள், எனவே நாய் வளர்க்கிற வீட்டில் யோசியுங்கள். அடுத்தது, போத்து (வெட்டிய கிளை) நட்டு வளர்த்த மரத்துக்கு வேர் ஆழம் போகாது, புயலில் சாயும். விதைக் கன்று ஆழமாக வேர் விடும்.

கடலோர மணலில், உப்பு நீரில் மேலே சொன்னவற்றில் பலவும் தடுமாறும். அங்கே காயா மரத்தை யோசிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் போய்ப் பாருங்கள்: கிளையோடு ஒட்டிக்கொண்டு நீலப் பூ. செர்ரியின் சாயல் துளியும் இல்லைதான். மெதுவாக வளரும், புதராகவே நிற்கும். ஆனால் இந்தக் கரையில் இயல்பாகவே வளரும் தாவரம், அந்த நீலம் வேறெதிலும் கிடைக்காது.

5. நர்சரியில் கேட்க வேண்டியவை

பூக்கும் பருவத்தில் தாய்மரத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் சிறந்த வழி. புதுச்சேரி தாவரவியல் பூங்காவிலும் ஆரோவில் தாவரவியல் பூங்காவிலும் பிப்ரவரி முதல் மே வரை ஒரு சுற்றுச் சுற்றினால், படத்தில் பார்த்த மரம் நேரில் எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். நம் மண்ணின் மரங்கள் வேண்டுமென்றால் ஆரோவில் பக்கத்து நர்சரிகளில் முதலில் விசாரியுங்கள், சாலையோர நர்சரிகளில் செங்கொன்றையும் காயாவும் அபூர்வம்.

தாவரவியல் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பில்லில் எழுதி வாங்குங்கள். கொன்றைக் கன்றுகள் சின்ன வயதில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், மூன்று நான்கு வருடம் கழித்து மஞ்சளாகப் பூத்தால் பேசுவதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கும் ரசாயன உரத்துக்கும் உண்டு, பில்லில் அவை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால், பிடுங்கும்போது முக்கிய வேர் அறுந்துவிடும். பைக்குள் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் நட்ட பிறகும் அப்படியே சுருளும், பெரிய காற்றில் அந்த மரம்தான் முதலில் விழும். இதனாலேயே 8 அடிக் கன்றைவிட 3 அடிக் கன்று நல்லது என்பேன். விலையும் அப்படி: நான் விசாரித்தவரை 3 அடிக் கன்று 100 முதல் 300 ரூபாய், 7, 8 அடி என்றால் 600 முதல் 1,500 வரை. சின்னது இரண்டு மூன்று வருடத்தில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும்.

6. எப்போது நடுவது, என்ன செலவாகும்

கடையில் கூட்டம் அலைமோதுவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த நேரத்தில் நடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் உச்சம் அது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. புதுக்குழியில் நின்ற கன்றுகள் அழுகுவதற்கு அது போதும். செம்மண்ணில் ஆடி, ஆவணி மழையோடு நட்டால் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். களிமண்ணில் பொங்கல் கழித்து நடுங்கள், கோடை முழுக்கத் தண்ணீர் விடும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. சித்திரை, வைகாசியில் யார் சும்மா கொடுத்தாலும் வாங்கித் தொட்டியில் வைத்திருங்கள்.

குழி மூன்றடிக்கு மூன்றடி. பத்து நாள் ஆறவிட்டு, மேல் மண்ணோடு மட்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். செம்மண்ணில் கரையான் உண்டு என்பதால் புண்ணாக்கை விட்டுவிட வேண்டாம். பச்சைச் சாணம் போட்டால் கரையானை அழைத்த மாதிரிதான். களிமண்ணில் குழிக்குப் பதிலாக ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது.

கன்று, குழி தோண்டக் கூலி, உரம், ஊன்றுகோல், ஆடு கடிக்காமல் இருக்கக் கூண்டு, டெம்போ எல்லாம் சேர்த்து ஒரு மரத்துக்கு 2,000 முதல் 3,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். இதில் கன்றின் விலைதான் குறைவு, கூண்டுதான் அதிகம். கூண்டு வேண்டாம் என்று மிச்சம் பிடித்தால் ஆட்டுக்குத்தான் லாபம்.

7. பூக்கும் வரை

விதைக் கன்றாக நட்ட கொன்றை வகைகள் பூக்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். ஒட்டு மந்தாரை இரண்டாம் வருடமே பூக்கலாம். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். மரம் வளர்ந்த பிறகு பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும், அந்த வறட்சிதான் இலையை உதிர்த்துப் பூவைக் கொண்டுவருகிறது. பக்கத்தில் புல்தரை போட்டுத் தினமும் நனைத்துக்கொண்டே இருப்பவர்கள் வீட்டில் கொன்றை பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் மாவட்டம் இழந்த பலா, முந்திரியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புரட்டாசிக்குள் உள்கிளைகளைக் களைந்து, காற்று ஊடே போக வழி செய்யுங்கள். நுனியை மொட்டையடிக்காதீர்கள், வரப்போகும் கோடையின் பூ அந்தக் கிளைகளில்தான் வரும். ஊன்றுகோலை இரண்டாம் வருடம் எடுத்துவிடலாம், கயிற்றை அதற்கு முன்பே தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் பட்டைக்குள் புதைந்துவிடும்.

மழைக்குப் பிறகு துளிர்க்கும் கொன்றை இலையைப் பச்சைப் புழுக்கள் ஒரே வாரத்தில் மொட்டையாக்குவதைப் பார்ப்பீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது, கொன்றைதான் அதன் சாப்பாடு. கன்று இடுப்புயரத்துக்குள் இருந்தால் கையால் எடுத்துப் போடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி இலை வந்துவிடும்.